மாருதி ஸ்விஃப்ட்: எந்த வருட வண்டியில் எந்த இன்ஜின்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட்ஸில் ஸ்விஃப்ட் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஷேப்பைத்தான். பழைய ஷேப், அடுத்த ஷேப், இப்போதைய ஷேப் என்று பிரித்து, விலையையும் அதை வைத்தே பேசுகிறார்கள். ஆனால் மாருதி பாடியை மாற்றிய வருடமும் இன்ஜினை மாற்றிய வருடமும் பல தடவை ஒத்துப்போகவில்லை. ஒரே ஷேப்பில் இரண்டு பெட்ரோல் இன்ஜின் வந்திருக்கிறது. ஷேப் மாறியும் டீசல் இன்ஜின் அப்படியே தொடர்ந்திருக்கிறது. 2005 முதல் இந்தியாவில் விற்ற ஸ்விஃப்ட்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. புது வண்டி வாங்குகிறவர்களுக்கும் கடைசிப் பகுதியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

இதுவரை மொத்தம் எத்தனை இன்ஜின் வந்திருக்கிறது?

பெட்ரோலில் நான்கு, டீசலில் ஒன்று.

2005 மே மாதம் ஸ்விஃப்ட் அறிமுகமானபோது இருந்தது ஜி13பிபி. 1298 சிசி, 4 சிலிண்டர், 87 குதிரைத்திறன். 2007 தொடக்கத்தில் 1248 சிசி டீசல் சேர்ந்தது. மாருதி அதை டிடிஐஎஸ் என்று விற்றது. 75 குதிரைத்திறன், 190 என்எம் டார்க். 2010-ல் ஷேப் மாறாமலே பெட்ரோல் இன்ஜின் மட்டும் கே12எம் ஆனது. 1197 சிசி, 85 குதிரைத்திறன். 2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வந்தபோது அதே கே12எம்மில் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சேர்த்தார்கள். 2018 பிப்ரவரியில் மூன்றாம் தலைமுறை வந்தது, இன்ஜின் பழையதுதான். 2021 பிப்ரவரியில் அந்த ஷேப்புக்குள்ளேயே கே12என் டூயல்ஜெட் நுழைந்தது, 90 குதிரைத்திறன். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் இருப்பது இசட்12இ. அது 3 சிலிண்டர், 82 குதிரைத்திறன்.

கே12எம், கே12என், இசட்12இ மூன்றும் 1197 சிசிதான். அதனால் ‘எல்லாமே 1.2 லிட்டர்தானே சார்’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு எண் ஒன்றாக இருந்தாலும் இவை வேறு வேறு இன்ஜின் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் சொல்வதை நம்பாமல், ஆர்.சி.யை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சிசி. 1298 என்றால் ஜி13, 1248 என்றால் டீசல், இதில் குழப்பமே இல்லை. 1197 என்றிருந்தால் சிலிண்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். 3 என்றால் இசட்12இ. 4 என்றால் கே12எம் அல்லது கே12என். இந்த இரண்டையும் பிரிக்க இன்ஜின் நம்பரைப் பார்த்தால் போதும், நம்பர் தொடங்குவதே இன்ஜினின் பெயரில்தான்.

பதிவு செய்த தேதியை வைத்து முடிவு கட்டாதீர்கள். தயாரித்த மாதம் ஒன்று, பதிவான மாதம் வேறு. 2021-ல் பதிவான வண்டி என்று சொல்லி, முந்தைய வருடம் தயாரித்து யார்டில் நின்ற கே12எம் வண்டியை கே12என் விலைக்குக் கொடுப்பது நடக்கிற கதைதான். 2010 வண்டிகளிலும் இதே சிக்கல் உண்டு, அதில் 1.3-ம் இருக்கும், 1.2-ம் இருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1.3 பெட்ரோலை ஏன் 1.2 ஆகக் குறைத்தார்கள்?

வரிதான் முதல் காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார் என்பதற்கு ஒரு வரையறை வந்தது. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். இதற்குள் அடங்கினால் கலால் வரி குறைவு. ஸ்விஃப்ட் நீளத்தில் சுலபமாகத் தேறியது. 1248 சிசி டீசலும் தேறியது. 1298 சிசி பெட்ரோல் மட்டும் 98 சிசியில் கோட்டுக்கு வெளியே நின்றது.

அடுத்து, 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பிஎஸ்4 என்ற புகை விதி கட்டாயமானது. ஜி13பிபி மாருதியின் எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் இருந்த பழைய குடும்பத்து இன்ஜின். ஐரோப்பாவில் விற்ற அதே தலைமுறை ஸ்விஃப்ட்டில் அப்போதே வேறு, புதிய எம்-சீரிஸ் இன்ஜின் இருந்தது. நமக்கு எஸ்டீம் இன்ஜினே போதும் என்று மாருதி முடிவு செய்திருந்தது. அதைத் தேய்த்து பிஎஸ்4-க்குக் கொண்டுவருவதைவிட, 2009-ல் ரிட்ஸில் வந்துவிட்ட கே12எம்மைத் தூக்கி வைப்பது சுலபம். வரியும் மிச்சம்.

இந்த 1200/1500 கோடு ஜிஎஸ்டி காலத்திலும் தொடர்கிறது. இன்றைக்கும் நம் ஊரில் இத்தனை கார்கள் 1197, 1199 சிசியில் வந்து நிற்பது அதனால்தான்.

2005–2010 பெட்ரோல் 1.3 இப்போது வாங்கலாமா?

ஓட்டுவதற்கு இனிமையான இன்ஜின். 6000 ஆர்பிஎம்மை நோக்கி ஏறும்போது வரும் சத்தத்துக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. மெக்கானிக் யாரைக் கேட்டாலும் வேலை தெரியும் என்பார்.

ஆனால் வால்வுகளை நேரத்துக்கு இயக்க இதில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் இல்லை. பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுவது நல்லது. பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப்பையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்ளலாம். அப்புறம், இந்த வண்டிகள் 15 வருடத்தைத் தாண்டிவிட்டன. எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுப்பிக்காத வண்டியை ‘நீங்களே பண்ணிக்கலாம் சார், ரெண்டு நாள் வேலை’ என்று சொன்னால் விலையில் நன்றாகக் குறைத்துப் பேசுங்கள்.

கே12எம்மில் விவிடி இருப்பதற்கும் இல்லாததற்கும் ஓட்டுவதில் என்ன வித்தியாசம்?

இன்ஜின் உள்ளே காற்றை விடும் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது, மெதுவாகச் சுற்றும்போது ஒரு மாதிரியும் வேகமாகச் சுற்றும்போது வேறு மாதிரியும் இருந்தால் நல்லது. விவிடி இல்லாத இன்ஜினில் அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். விவிடியில் ஆயில் அழுத்தத்தை வைத்து இன்டேக் கேம்ஷாஃப்ட்டைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பி அந்த நேரத்தை மாற்றுகிறார்கள்.

காகிதத்தில் 85 என்பது 87 குதிரைத்திறன் ஆனது, அவ்வளவுதான். சிட்டியில் மூன்றாம் கியரில் ஊர்ந்து போகும்போது முந்தையதைவிட விவிடி வண்டி முனகாமல் இழுக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் முதலில் அடி வாங்குவதும் இந்த விவிடி பாகம்தான், ஏனென்றால் அது வேலை செய்வதே ஆயிலை நம்பி.

2014 கடைசியில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில் இதையே மைலேஜுக்காக மறுபடி டியூன் செய்தார்கள். பவர் 84-க்கு இறங்கியது. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 18.6-லிருந்து 20.4 கிலோமீட்டர் ஆனது.

2018 ஸ்விஃப்ட்டில் பவர் இன்னும் குறைவு என்கிறார்கள், ஆனால் ஓட்டினால் வேகமாக இருக்கிறதே?

83 குதிரைத்திறன், 113 என்எம். குறைவுதான். ஆனால் ஹார்டெக்ட் என்ற புதிய பிளாட்ஃபார்மில் பெட்ரோல் வண்டியின் எடை 855–880 கிலோவுக்கு வந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை அதைவிட நல்ல கனம். இன்ஜினைத் தொடாமலே பிக்கப்பும் மைலேஜும் கூடியதற்கு இதுதான் காரணம். கம்பெனிக் கணக்கில் மைலேஜ் 22 ஆனது. எடை குறைந்ததை எல்லோரும் விரும்பவில்லை. ஹைவேயில் பக்கத்தில் பஸ் கடக்கும்போது பழைய ஷேப் இன்னும் அழுத்தமாக நிற்கும் என்பார்கள். அதில் உண்மை உண்டு.

பிஎஸ்6 வந்தபோது பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்குப் பெரிய பாடு இல்லை. நாடு முழுக்க அது கட்டாயமானது 2020 ஏப்ரல் 1. கே12எம் அதற்கு முன்பே, 2019-லேயே பிஎஸ்6 ஆகிவிட்டது.

டீசல் இன்ஜின் ஃபியட்டுடையது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்தான் டிடிஐஎஸ். லைசென்ஸ் வாங்கி ஹரியானாவின் மானேசரில் தயாரித்தார்கள். மாருதி அதற்கு வைத்த பெயர் டி13ஏ. இதே இன்ஜின் டாடாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில் இண்டிகா விஸ்டாவில் ஓடியது. ஃபியட் புன்டோ, லினியாவிலும் ஓடியது. மாருதியிலேயே ரிட்ஸ், டிசையர், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று போனது. வேறு வேறு கம்பெனி கார்களின் பானெட்டுக்குள் ஒரே இன்ஜின் இருந்ததால் ‘நேஷனல் இன்ஜின்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸுக்கு இன்றும் அலைய வேண்டியதில்லை என்றால் அதற்கும் இதுதான் காரணம்.

2007-லிருந்து 2020 வரை, மூன்று ஷேப்பிலும் ஸ்விஃப்ட் டீசலின் எண்கள் 75 குதிரைத்திறன், 190 என்எம் என்றே நின்றன. மாறியது மைலேஜ் மட்டும்: 2011-ல் கம்பெனி சொன்னது 22.9, 2014-ல் 25.2, எடை குறைந்த 2018 ஷேப்பில் 28.4. இந்த எண்களெல்லாம் டெஸ்ட் அறையில் வருபவை. சாலையில் இவற்றில் முக்கால் பங்கு வந்தாலே வண்டி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எர்டிகாவில் அதே இன்ஜின் 90 குதிரைத்திறன். ஸ்விஃப்ட்டை ரீமேப் செய்து (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி) அந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா?

90 வருவது வெறும் சாஃப்ட்வேரால் இல்லை. அதில் இருக்கும் டர்போ வேறு. வெளியேறும் புகையின் வேகத்துக்கு ஏற்ப உள்ளே இருக்கும் சின்ன இலைகளின் கோணம் மாறும் விஜிடி டர்போ அது. ஸ்விஃப்ட்டில் இருப்பது கோணம் மாறாத சாதா டர்போ. ரீமேப் செய்தால் பவர் கொஞ்சம் ஏறும், புகையும் ஏறும். பத்து வருடம் ஓடிய கிளட்ச் அதைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாதா டர்போ என்பதால் ஒரு குணம் உண்டு: 1800–2000 ஆர்பிஎம் வரை வண்டி தூங்கும், அதற்கு மேல் பிடித்துத் தள்ளும். நாலுவழிச் சாலையில் இது சுகம். கொல்லிமலை ஏறும்போதுதான் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் குறையும்போது ஆர்பிஎம் 1500-க்குக் கீழே விழுந்துவிடும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு நொடிக்கு ஒன்றும் நடக்காது. வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ இறங்கி, ஆர்பிஎம் விழாமல் பிடித்துக்கொண்டு திருப்பினால் பிரச்சினை இல்லை. பெட்ரோல் ஓட்டிப் பழகியவர் டீசலுக்கு மாறும்போது வளைவில் வண்டியை ஆஃப் செய்துவிடுவது இதனால்தான்.

செகண்ட்ஸ் டீசல் ஸ்விஃப்ட்டில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு ஆற வைத்துப் பாருங்கள், அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் முதல் சில நொடி கவனமாகக் கேளுங்கள். டீசல் சத்தம் தனி. அதற்கு மேல் இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து சங்கிலி உரசுகிற மாதிரி சத்தம் வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. இந்த இன்ஜினில் செயின் மெல்லியது. ஆயில் நேரத்துக்கு மாற்றினால் நெடுநாள் உழைக்கும். மாற்றாமல் இழுத்தடித்தவர் வண்டியில் நீண்டுவிடும். ‘செயின் லைஃப்டைம், மாற்றவே வேண்டாம்’ என்பது ஆயிலை ஒழுங்காக மாற்றியவருக்கு மட்டும் பொருந்தும் பேச்சு.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே தளர்வாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. தூக்கித் தூக்கிப் போட்டாலோ, அந்த வழியாகப் புகை பிடித்துத் தள்ளினாலோ கம்ப்ரஷன் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ரிங், ஸ்லீவ் என்று பெரிய செலவு காத்திருக்கிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு இதன் நிரந்தரத் தலைவலி. சிட்டியில் குறைந்த வேகத்திலேயே ஓடிய வண்டியின் இன்டேக் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் தார் மாதிரி கரி அப்பிக்கொண்டு வரும். இதனால் பிக்கப் செத்துப்போகும், கரும்புகை வரும். நல்ல விஷயம், இது கழுவிச் சரிசெய்யக்கூடியது. டர்போ போய்விட்டது என்று பயமுறுத்தி விலையைக் குறைத்துத் தருகிற வண்டியில் சில சமயம் இஜிஆர் மட்டும்தான் அடைத்திருக்கும். தெரிந்த மெக்கானிக் கூட இருந்தால் இப்படிப்பட்ட வண்டி லாபம்.

இன்ஜெக்டரும் பம்ப்பும் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்பவை. தண்ணீர் கலந்த டீசல் ஒரு தடவை போனாலும் கெடும். ஃபில்டர் மாற்றிய கணக்கைக் கேளுங்கள். அப்புறம் டி-போர்டு வரலாறு. டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த போர்டாக மாற்றிய வண்டியில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப முடியாது. ஆர்.சி. வரலாற்றில் அது தெரிந்துவிடும்.

டெல்லி வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

டெல்லி வட்டாரத்தில் 10 வருடத்தைத் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்ற உத்தரவுகளால், நல்ல நிலையில் இருந்தவைகூட என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி வெளிமாநிலங்களுக்கு வந்தன. இன்ஜினைப் பொறுத்தவரை டெல்லி ஓட்டம் என்றால் நெரிசல் ஓட்டம், இஜிஆரும் கிளட்ச்சும் அதற்கேற்றபடி தேய்ந்திருக்கும். கடல் காற்று இல்லாததால் சென்னை வண்டிகளைவிட அடியில் துரு குறைவாக இருப்பதைப் பார்க்கலாம். என்.ஓ.சி. அசல்தானா, கடன் பாக்கி நீங்கியிருக்கிறதா, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எவ்வளவு என்று மூன்றையும் கணக்குப் போட்டால், அந்தக் குறைந்த விலை பல தடவை உள்ளூர் விலைக்கே வந்து நிற்கும்.

டீசலை ஏன் நிறுத்தினார்கள்?

பிஎஸ்6-க்கு டீசலில் புகை வடிகட்டும் கருவிகள் நிறைய சேர்க்க வேண்டும். சின்ன காரில் அந்தச் செலவைப் போட்டால் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் மிக அதிகமாகிவிடும். மாருதி மொத்தமாகவே டீசலை விட்டு வெளியே வந்துவிட்டது. சொந்தமாக உருவாக்கிய 1.5 லிட்டர் டீசலைச் சியாஸ், எர்டிகாவில் கொஞ்ச காலம் போட்டார்கள். ஸ்விஃப்ட்டுக்கு அது வரவே இல்லை.

டூயல்ஜெட் என்றால் என்ன? இரண்டு எரிபொருளா?

இல்லை, எரிபொருள் ஒன்றுதான். ஒரு சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் என்பதற்குப் பதில் இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வால்வு இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு இன்ஜெக்டர். பெட்ரோல் இன்னும் பொடியாகத் தெளிக்கப்பட்டு, சுவரில் ஒட்டாமல் நேராக உள்ளே போகும். கூடவே விவிடி இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டிலும் வந்தது. குளிரவைத்த எக்ஸாஸ்ட் வாயுவைக் கொஞ்சம் திருப்பி உள்ளே அனுப்பி, எரியும் சூட்டை மட்டுப்படுத்தினார்கள். சூடு மட்டுப்பட்டால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) வராமல் கம்ப்ரஷனைக் கூட்டலாம், அதுதான் நோக்கம்.

ஜப்பானில் ஸ்விஃப்ட்டுக்கு டூயல்ஜெட் 2013-லேயே வந்துவிட்டது. நமக்கு 2019-ல் பலேனோவில் வந்து, 2020-ல் டிசையருக்குப் போய், 2021-ல்தான் ஸ்விஃப்ட்டைத் தொட்டது. 90 குதிரைத்திறன், 880 கிலோவை ஒட்டிய எடை. இந்தியாவில் விற்ற சாதாரண ஸ்விஃப்ட்களில் ஓட்ட மிகவும் துடிப்பானது எது என்று கேட்டால் 2021–2024 கே12என் மேனுவல் என்றுதான் சொல்வேன். மைலேஜ் கணக்கும் 23.2-க்கு ஏறியது.

சிக்னலில் நின்றால் தானாக இன்ஜின் அணையும் வசதியும் இதோடு சேர்ந்து வந்தது. பலருக்கு அது எரிச்சல், பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். செகண்ட்ஸ் வாங்கும்போது பேட்டரியை மட்டும் பாருங்கள். இந்த வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்று உள்ள பேட்டரிதான் போட வேண்டும். சாதா பேட்டரியை மாட்டியிருந்தால் சீக்கிரம் படுத்துவிடும்.

3 சிலிண்டர் என்றதும் வேண்டாம் என்று தோன்றுகிறது. இசட்12இ அவ்வளவு மோசமா?

மோசம் இல்லை, குணம் வேறு. எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கே12எம்மில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 71.5 மில்லிமீட்டர். இசட்12இ-யில் விட்டம் 74, பிஸ்டன் போகும் தூரம் 92.8. மொத்தம் அதே 1197 சிசி. ஆனால் ஒரு சிலிண்டருக்கு 299 சிசி என்றிருந்தது 399 ஆகிவிட்டது.

சிலிண்டர் மூன்றானால் உரசுகிற பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் குறைகின்றன. சூடு சுவர் வழியாக வீணாவதும் குறைகிறது. பிஸ்டன் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், நீளமாக இருப்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். சிட்டியில் இரண்டாம், மூன்றாம் கியரில் ஊர்ந்து போகிறவருக்கு இந்த இன்ஜின் பழையதைவிட வசதி, அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. கம்பெனிக் கணக்கில் மேனுவலுக்கு 24.8, தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டிக்கு 25.75.

பதிலுக்கு இழந்ததும் இருக்கிறது. பிஸ்டன் அவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருப்பதால் உயர் ஆர்பிஎம்மில் கே12என் பாய்ந்தது மாதிரி இது பாயாது. தொப்பூர் கணவாயில் நான்கு பேரோடும் ஏசியோடும் லாரியை ஓவர்டேக் செய்ய வேண்டுமென்றால் ஒரு கியர் குறைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு மூச்சு காத்திருந்து கிளம்புங்கள். 90-லிருந்து 82-க்கு இறங்கியது அங்கேதான் தெரியும்.

அதிர்வு விஷயம்: 4 சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றுக்கு ஒரு தடவை சிலிண்டர் எரியும், இதில் 240 டிகிரிக்கு ஒரு தடவை. அந்த இடைவெளியும், மூன்று பிஸ்டன் சேர்ந்து இன்ஜினை முன்னும் பின்னும் ஆட்டுவதும் ஐடிலில் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் லேசாகத் தெரியும். வண்டி நகர்ந்ததும் மறந்துவிடும். பழைய ஸ்விஃப்ட் வைத்திருந்து மாறுகிறவருக்குத்தான் இது உறுத்தும். டெஸ்ட் டிரைவில் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போவது போதாது.

சிஎன்ஜி எந்த இன்ஜினில் வந்தது?

கம்பெனியே பொருத்தித் தந்தது 2022 ஆகஸ்டிலிருந்து, கே12என்னில். சிஎன்ஜியில் ஓடும்போது 77.5 குதிரைத்திறன், 98.5 என்எம், கிலோவுக்கு 30.9 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் இசட்12இ-க்கும் வந்தது: 69.75 குதிரைத்திறன், 101.8 என்எம், கிலோவுக்கு 32.85. 2022 ஆகஸ்டுக்கு முந்தைய வண்டியில் சிஎன்ஜி இருந்தால் அது வெளியே போட்டது. ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இ20 பெட்ரோல் பழைய ஸ்விஃப்ட்டைக் கெடுக்குமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரித்த வண்டி என்றால் கவலை வேண்டாம், 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் அதில் உண்டு. அதற்கு முந்தைய கே12எம், கே12என் வண்டிகளில் முதலில் தெரிவது மைலேஜ் இறக்கம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இ10-க்கு டியூன் செய்த பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6–7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் அறிக்கையே சொல்லியிருந்தது. 2005–2010 ஜி13 வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், பம்ப் ரப்பர் எல்லாம் ஏற்கனவே வயதானவை. சர்வீஸுக்கு விடும்போது அவற்றை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போட வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆகாது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட், டர்போ பெட்ரோல் எல்லாம் இங்கே வந்ததா?

வரவில்லை. வெளிநாட்டில் 1.6 லிட்டரும் பிறகு 1.4 டர்போவும் ஸ்போர்ட்டில் விற்றார்கள். இந்தியாவில் ஸ்விஃப்ட் பெயரில் டர்போ என்றால் அது டீசல்தான். மாருதியின் 1.0 டர்போ பெட்ரோல் வேண்டுமென்றால் செகண்ட்ஸில் பலேனோ ஆர்எஸ் அல்லது ஃபிரான்க்ஸ் பக்கம் போக வேண்டும்.

இலங்கையில் இருக்கிறேன். இங்கே ஓடும் ஸ்விஃப்ட்டுக்கு இந்தப் பதில்கள் பொருந்துமா?

இந்தியாவிலிருந்து வந்த வண்டி என்றால் பொருந்தும். ஜப்பானிலிருந்து இறக்கியது என்றால் அப்படியே பொருந்தாது. ஷேப் ஒன்றாக இருக்கும், ஆனால் 2017-க்குப் பிந்தைய ஜப்பான் வண்டியில் பெரும்பாலும் டூயல்ஜெட்டும் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியரும் இருக்கும், சிலவற்றில் மைல்ட் ஹைபிரிட்டும் (இன்ஜினுக்குக் கைகொடுக்கும் சின்ன மின் மோட்டார்) சேர்ந்திருக்கும். இந்திய வண்டியின் பாகம் சேரும் என்று கடைக்காரர் சொன்னாலும், சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சரிபார்த்தே வாங்குங்கள்.

‘இன்ஜின் மாற்றிப் புதுசாகப் போட்டிருக்கு’ என்று விற்கிறார். நல்லதுதானே?

எதைப் போட்டார் என்பதைப் பொறுத்தது. டீசலில் இன்ஜின் இறங்கிவிட்டால், விபத்தில் நொறுங்கிய இன்னொரு வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினைப் போடுவது உண்டு. 1.3 டீசல் பல கார்களில் ஓடியதால் சுலபமாகக் கிடைக்கும். அதில் தப்பில்லை, ஆனால் இன்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் கிளைமிலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், விற்றவர் இல்லை. ஒரு பழைய துணியும் கொஞ்சம் டீசலும் எடுத்துப் போய், இன்ஜினில் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் துடைத்து, போனில் டார்ச் அடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து தள்ளியிருந்தாலும், அந்த இடத்தில் அரத்தால் ராவிய தடம் தெரிந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.